எந்தத் தேதியிலிருந்து

2024 ஆகஸ்ட் 12, திங்கள்

கயலுக்கு மூக்கு ஒழுகுகிறது. காய்ச்சல் இல்லை. 98.8. இரண்டு தடவை வைத்துப் பார்த்தேன்.

தேனாம்பேட்டை இன்சூரன்ஸ் ஆபீசில் அரை நாள் சொல்லிவிட்டு ராயப்பேட்டைக்குப் போனேன். வக்கீல் ஜஹீதா மேடம். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடி. ஐம்பது வயது இருக்கும். நான் உட்கார்ந்ததும் டிஷ்யூ டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். எனக்கு அழுகை வரவில்லை. டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே ஒன்றை உருவி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

கணவர் பெயர்? சக்திவேல் என்றேன். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதே குறைவு. யாரோ ஒரு ஆள் பெயர் மாதிரி இருந்தது.

"அடிச்சாரா?" இல்லை. "குடி?" இல்லை. "வேற தொடர்பு?" இல்லை. "விட்டுட்டுப் போயிட்டாரா?" வந்தது நான்தான். "அப்ப எதுக்கும்மா?"

சொன்னேன். போன வருஷம் ஜூலை. கயலுக்கு ஒன்றரை வயது. காய்ச்சல் ஏறி ஃபிட்ஸ் வந்தது. கண் மேலே போய்விட்டது. தி.நகர் வீட்டில் நானும் அவளும் மட்டும். ஆடித் தள்ளுபடி, மாமனார் மாமியார் உட்பட எல்லாரும் குடும்ப ஜவுளிக்கடையில். அவருக்குப் பதினொரு தடவை போன் செய்தேன். பன்னிரண்டாவது தடவை எடுத்தார். கடை ஆள் ஒருவரை வண்டியோடு அனுப்பினார். ஆஸ்பத்திரிக்கு அவர் வந்தது ராத்திரி பத்தரைக்கு. "கல்லாவ விட்டுட்டு எப்படி வர்றது" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார்.

மேடம் பேனாவை மூடினார். "எனக்குப் புரியுது. கோர்ட்டுக்கு இது கொடுமைன்னு புரியாது. புரிய வெக்கிறதுக்குள்ள உன் பொண்ணு அஞ்சாங்கிளாஸ் போயிடுவா. அவரும் சரின்னா ரெண்டு பேரும் சேர்ந்து மனு போடலாம். மனமொத்த விவாகரத்து."

அதற்கு என்னென்ன வேண்டும் என்று சொன்னார். ஒரு வருடம் தனித்தனியாக வாழ்ந்திருக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை, கல்யாண போட்டோ, ஆதார். ரிஜிஸ்டர் பண்ணவில்லையே என்றேன், பத்திரிகை போதும் என்றார். குழந்தை யாரிடம் என்று மனுவிலேயே எழுத வேண்டும். கல்யாணம் நடந்தது திருச்செந்தூர் என்றாலும் கடைசியாகச் சேர்ந்திருந்தது தி.நகர் என்பதால் சென்னையிலேயே போடலாம். போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அப்புறம் இரண்டு பேரும் மறுபடி ஜட்ஜ் முன் நின்று ஆமாம் என்று சொல்ல வேண்டும்.

"அந்த ஆறு மாசத்துல யார் வேணா மனசு மாறலாம். கடைசி நிமிஷம் வரைக்கும்."

மாறினால்?

"அப்புறம் சண்டைதான். கொழந்தைக்கும் சேர்த்து."

மற்றதெல்லாம் ஆபீசில் பாலிசி விதிகள் படிக்கிற மாதிரிதான் கேட்டேன். இதை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னேன்.

"சரி, எந்தத் தேதியிலேர்ந்து தனியா இருக்கீங்க?"

2023 ஜூலை 22, சனிக்கிழமை. டக்கென்று சொன்னேன். எழுதிக்கொண்டார்.

ஆகஸ்ட் 13

உண்மையில் பெட்டி கட்டியது ஜூலை 21, வெள்ளிக்கிழமை. வாசல் வரை வந்தேன். புஷ்பம் அத்தை கையில் கற்பூரத் தட்டோடு நின்றார். "ஏட்டி, வெள்ளிக்கெழமையும் அதுவுமா வீட்டு மருமவ வெளிய எறங்கலாமா? நாளைக்குப் போ."

சரி என்று உள்ளே வந்துவிட்டேன். ராத்திரி தோசை வார்த்தேன். மறுநாள் காலையில் போனேன். வீட்டை விட்டுப் போகிறவள் எவளாவது மாமியாரிடம் நல்ல நாள் கேட்டுப் போவாளா? நான் போனேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைதான் அவர் கயலைப் பார்ப்பது. காலை எட்டிலிருந்து பத்து வரை, நடேசன் பூங்காவில். பத்துக்குக் கடை திறக்க வேண்டும். தி.நகர் ஜவுளிக்கடைக்கு ஞாயிறுதான் வாரத்தின் பெரிய நாள். அவர் ஒரு பெஞ்சில், நான் இன்னொரு பெஞ்சில். கயல் நடுவில் ஓடுகிறாள்.

இன்றைக்கு நான் அவர் பெஞ்சுக்குப் போய் வக்கீல் சொன்னதைச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டார். கயல் என்னிடம் இருப்பதற்குச் சம்மதம். ஞாயிறு முழு நாள் தனக்கு வேண்டும் என்றார். கடை? என்று கேட்டேன். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். தேதி என்றதும்தான் நிமிர்ந்தார்.

"ஜூலையா? அப்ப நீ ஆடிக்குத்தானே போன."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. கல்யாணமான முதல் வருஷம்தான் ஆடிக்குப் பெண்ணை அழைத்துப் போவார்கள். எங்களுக்கு அது மூன்றாவது ஆடி. ஆனால் அத்தை கடைத்தெரு முழுக்க 'மருமக ஆடிக்கு ஆத்தா வீட்டுக்குப் போயிருக்கா' என்று சொல்லியிருக்கிறார். அதையே இவரிடமும். இவரும் நம்பியிருக்கிறார். மனைவி பெட்டி கட்டிப் போனது ஆடி மாதம் என்பதால் போனது மாதிரியே தெரியவில்லை.

"ஆவணி ஒண்ணு அம்மா கார் அனுப்பிச்சாங்கல்ல? காலியா திரும்பி வந்துச்சு. அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்."

ஆக அவர் கணக்கில் ஆகஸ்ட் 18. சரியாக இன்றோடு ஒரு வருடம். எதைப் போட்டாலும் மனு போடலாம்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா மட்டும் என்ன, இங்கே ஆதம்பாக்கம் முழுக்க அதையேதான் சொல்லி வைத்திருந்தாள். மூணாவது மாடி சுலோச்சனா மாமி ஐப்பசியில் கேட்டாளாம்: "என்ன விஜயலக்ஷ்மி, உங்காத்து ஆடி இன்னும் முடியலையா?"

அம்மா அதைச் சொல்லும்போது சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

மேடம் போனில் கேட்டார். "தேதி ரெண்டு பேருக்கும் ஒண்ணா இருக்கணும், அத முடிவு பண்ணிடுங்க. அப்புறம் இன்னொண்ணு. இடையில எங்கியாவது சேர்ந்து இருந்தீங்களா?"

இல்லை என்றேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

பொய். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. யோசித்துச் சொல்லவில்லை.

இங்கேயாவது எழுதுகிறேன்.

போன டிசம்பர் 3, ஞாயிறு. அத்தைக்குப் பேத்தியைப் பார்க்க வேண்டுமாம். சாயந்திரம் திரும்பிவிடலாம் என்று நானே கூட்டிப்போனேன். அன்றைக்குத்தான் புயல் மழை. ராத்திரிக்குள் ஆதம்பாக்கத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். வராதே என்று அம்மா போன் செய்தாள். அதோடு அவள் போனும் செத்துவிட்டது. நாலு ராத்திரி தி.நகர் வீட்டில் இருந்தோம்.

கடை மூடியிருந்தது. கல்யாணமானதிலிருந்து அவர் மூன்று பகல் முழுக்க வீட்டில் இருந்து பார்த்தது அப்போதுதான். கடையின் பெரிய பிளாஸ்டிக் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை வெட்டி கயலுக்கு மழைக்கோட்டு செய்தார். கடைப் பெயர் அவள் வயிற்றில் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் குதித்தாள். கரண்ட் இல்லை. மெழுகுவத்தியில் சாப்பிட்டோம்.

மூன்றாவது ராத்திரி கயல் தூங்கிய பிறகு பக்கத்தில் வந்து படுத்தார். கை பட்டது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை எழுந்து பார்த்தால் ஆள் இல்லை. கடை திறந்துவிட்டது. போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. ரிங் போகிற சத்தத்தைக் கேட்டபடியே கயலின் துணியை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். கோபமெல்லாம் இல்லை. கை பாட்டுக்குச் செய்தது.

கடவுளே, இதைப் போய் எந்தப் படிவத்தில் எழுதுவது.

செப்டம்பர் 8, ஞாயிறு

மேடம் வரைவு அனுப்பியிருந்தார். அச்செடுத்து பூங்காவுக்குக் கொண்டுபோனேன். அவர் கடைக் கணக்குப் படிப்பது மாதிரி விரல் வைத்துப் படித்தார். ஐந்தாவது பத்தியில் விரல் நின்றது. 'அன்று முதல் இன்று வரை மனுதாரர்கள் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழவில்லை.'

"அந்த நாலு நாள்?"

நான் பேனா மூடியைத் திருகினேன்.

"நீ வந்துட்டேன்னு நெனச்சேன்." கயலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வியாழக்கெழம கொடவுன்ல தண்ணி பூந்துடுச்சுன்னு அஞ்சு மணிக்கே போயிட்டேன். போன் கல்லாவுலயே கெடந்துச்சு. கடையில சாமி கும்பிடும்போது அப்பாகிட்ட சொன்னேன், அவ வந்துட்டாப்பான்னு. அன்னைக்கு எட்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்தேன். நான் கடைக்குப் போக ஆரம்பிச்சதுலேர்ந்து எட்டு மணிக்கு வந்தது அன்னைக்கு ஒரு நாள்தான்."

கயல் ஒரு கை நிறைய சரக்கொன்றைப் பூ கொண்டுவந்து அவர் மடியில் போட்டுவிட்டு ஓடினாள்.

"வந்து பாத்தா உங்க பை இல்ல," என்றார்.

எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். மணி ஒன்பது ஐம்பது ஆகிறதே, கடைக்கு லேட் ஆகிறதே என்றுதான் தோன்றியது. அதைச் சொல்லவும் செய்தேன்.

எழுந்து பூவைத் தட்டிவிட்டார். "தேதி போடறதுன்னா டிசம்பர் ஏழு போடு. வேற எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்."

செப்டம்பர் 11, புதன்

மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவருடைய குமாஸ்தா பஞ்சாட்சரம் பக்கத்து மேசையில் இருந்தார். புயல் வரைக்கும்தான் சொல்லியிருந்தேன், அவர் குறுக்கே வந்துவிட்டார்.

"இன்னாம்மா இது, மழைக்கு ஒதுங்கினதெல்லாம் குடித்தனமா? அன்னிக்கு ஊரே ஒர்த்தர் வூட்ல ஒர்த்தர் இருந்துகினு கீது. எங்க வூட்ல பதினேழு பேரு. அல்லாரையும் கோர்ட்ல நிறுத்துவாங்களா?"

"பஞ்சு, போய் டீ வாங்கிட்டு வா," என்றார் மேடம். அவர் போன பிறகு மீதியைச் சொன்னேன்.

மேடம் திட்டவில்லை. "சட்டம் கூரையைக் கேக்கலம்மா. ஒரே வீட்டுல இருந்துகிட்டே தனியா வாழறவங்க இருக்காங்க. புருஷன் பொண்டாட்டியா இருந்தீங்களான்னுதான் கேக்குது. ஒரு ராத்திரிய வெச்சு சேர்ந்துட்டாங்கன்னு சொல்ல முடியாதுன்னு நான் வாதாடலாம். ஆனா இது ரெண்டு பேரும் சத்தியம் பண்ணிக் குடுக்கற காயிதம். நீ ஒண்ணு அவரு ஒண்ணு சொன்னா மொதல் நாளே விழுந்துடும். எனக்குத் தெரிஞ்சப்புறம் நானும் மாத்தி எழுத மாட்டேன்."

அந்த ஆறு மாதத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்டேன். ரொம்ப நாள் பிரிந்திருந்தால் கேட்டுப் பார்க்கலாமாம். "நீ ஒரு வருஷத்துக்கே தள்ளாடற."

ஆக, டிசம்பர் ஏழு தாண்டிய பிறகு மனு. அதற்கப்புறம் ஆறு மாதம். எப்படிப் பார்த்தாலும் ஒன்பது மாதம் அவர் மனது மாறாமல் இருக்க வேண்டும். நான் அவரைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், பிரிவதற்காக.

கிளம்பும்போது பஞ்சாட்சரம் படியில் எதிரே டீயோடு வந்தார். "இன்னொரு புயல் வராம பாத்துக்கோம்மா."

செப்டம்பர் 26

கயலுக்கு 100.4. ஈரத்துணி. மருந்து ஏழு மணிக்கு, அடுத்தது ஒரு மணிக்கு. ஃபிட்ஸ் வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதுவும் வைக்கக் கூடாது. தெரியும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 27

குறைந்துவிட்டது. ஆபீஸ் போனேன். ஒருவர் சிகிச்சைப் பணம் கேட்ட படிவத்தில் நோய் எப்போது தொடங்கியது என்ற இடத்தில் 'சரியாகத் தெரியவில்லை' என்று எழுதியிருந்தார். விதிப்படி திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பினேன்.

நவம்பர் 1, வெள்ளி

நேற்று தீபாவளி. கயலுக்கு அங்கிருந்து பட்டுப்பாவாடை வந்தது. எனக்கும் ஒரு புடவை. அத்தை தேர்ந்தெடுத்தது என்று பார்த்ததும் தெரிந்தது. அரக்கு. அத்தை கறுப்பு கலந்த எதையும் பண்டிகைக்கு அனுப்ப மாட்டார்.

உடுத்திக்கொள்வதா வேண்டாமா? உடுத்தினால் சேர்ந்திருப்பதாகிவிடுமா? மேடத்துக்கு வாட்ஸப்பில் கேட்டே விட்டேன். 'கட்டிக்கோம்மா. சட்டத்துல புடவைய பத்தி ஒண்ணும் இல்ல' என்று பதில் வந்தது.

கட்டவில்லை. மடித்து வைத்தேன்.

டிசம்பர் 7, சனி

ஒரு வருடம்.

டிசம்பர் 18, புதன்

காலையில் ஆலந்தூரில் மெட்ரோ ஏறி ஹைகோர்ட்டில் இறங்கினேன். குடும்ப நல கோர்ட்டில் நிற்க இடமில்லை. குழந்தையோடு வந்தவர்கள்தான் அதிகம். ஒரு பையன் ஒரு பெஞ்சிலிருந்து அம்மாவிடமும் அடுத்த பெஞ்சிலிருந்து அப்பாவிடமும் பிஸ்கட் வாங்கிக்கொண்டு போய் வந்து கொண்டிருந்தான். பார்க்காமல் இருக்க முயன்றேன்.

அவர் வந்திருந்தார், தன் பக்கத்து வக்கீலோடு. எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். என் பெயரோடு அவர் பெயர், ஒன்றுக்குப் பின் ஒன்றாக, பத்திரிகையில் அடித்திருந்த மாதிரியே. கோப்பில் அந்தப் பத்திரிகையும் இருந்தது, மூலையில் மஞ்சளோடு.

ஜட்ஜ் ஒரு பெண். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். யாராவது கட்டாயப்படுத்தினார்களா? இல்லை. எப்போதிலிருந்து பிரிந்திருக்கிறீர்கள்? இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். டிசம்பர் ஏழு. இவ்வளவு ஒற்றுமையாக நாங்கள் எதுவும் சொன்னதில்லை.

ஜூன் 18 என்று தேதி போட்டார்கள்.

2025 ஜனவரி 19, ஞாயிறு

கயலுக்கு மூன்று வயது. பூங்காவில் அவர் கேக் கொண்டுவந்தார். மெழுகுவத்தி காற்றில் நிற்கவே இல்லை. மூன்று தடவை பற்ற வைத்தார். நாலாவது தடவைக்குள் கயல் கையாலேயே கேக்கைத் தோண்டிவிட்டாள்.

மார்ச் 2

ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

சாயந்திரம் அத்தை வந்தார். தனியாக, ஆட்டோவில், மல்லிகைப்பூவும் தேங்காயும் எடுத்துக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை கடையை விட்டு அவர் வருவது சாதாரண விஷயம் இல்லை. அம்மா காபி கொடுத்தாள். கயலை மடியில் வைத்துத் தலையைக் கோதினார். அவள் இருக்கும் வரை ஒன்றும் பேசவில்லை. அவள் டிவி பக்கம் போனதும்,

"ஏட்டி, எங்க வக்கீலு ஒண்ணு சொல்லுதாரு. அன்னைக்கு அவன் கோர்ட்டுக்கு வரலன்னாலே போதுமாம். கையெழுத்து வேண்டாம், சண்டை வேண்டாம், ஒண்ணுஞ் செய்ய வேண்டாம். சும்மா இருந்தாலே இது அத்துப் போவுமாம்."

"சும்மா இருக்கத்தான் அவருக்கு நல்லா வருமே அத்தை."

அம்மா என்னை முறைத்தாள். அத்தை காபியை ஒரு வாய் குடித்தார். "அது வாஸ்தவந்தான்," என்றார். அப்புறம், "அவங்க அப்பனும் அப்படித்தான். நான் இருந்துட்டேன்லா?"



எழுந்து முந்தானையைச் சரிசெய்தபடி சொன்னார். "அவன் வரலன்னா நாங்க பிள்ளையக் கேப்போம். மறைச்சுச் சொல்லுத பழக்கம் எனக்கு இல்ல. உனக்கு நாலு மணி வரைக்கும் ஆபீசு. எங்க வீட்டுல எப்பமும் ஆளு உண்டு."

எப்பமும் ஆளு உண்டா? அன்றைக்கு எங்கே போனார்கள் எல்லாரும்? கேட்கவில்லை. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. வாசலில் செருப்பு மாட்டும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். பூ பிரிட்ஜில் இருக்கிறது.

மே 11, ஞாயிறு

எட்டு மணிக்கே பூங்காவுக்குப் போய்விட்டோம். ஒன்பது. ஒன்பதரை. அவர் வரவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. கல்யாண முகூர்த்தங்கள், கூட்டம் இருக்கும் என்று கயலிடம் சொன்னேன். அவளுக்கா சொன்னேன்?

மே 18, ஞாயிறு

வரவில்லை.

மே 19

மேடம்: "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. பயப்படாத." பிறகு, "பயப்படறதா இருந்தா ஜூன் பதினெட்டு சாயங்காலம் பயப்படு. அன்னைக்கு வரலன்னா இன்னொரு தேதி கேக்கலாம். ஒண்ணரை வருஷம் வரைக்கும் இந்த மனுவுக்கு உயிர் இருக்கு."

ஒன்றரை வருடம். சும்மா இருந்தாலே அத்துப் போகும்.

ஜூன் 2, திங்கள்

கயல் எல்கேஜி. மற்ற குழந்தைகள் அழுதன. இவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். நான் கேட்டுக்கு வெளியே பதினொரு மணி வரைக்கும் நின்றேன். மிஸ் வந்து, "அம்மா, நீங்க போங்க, அவ நல்லா இருக்கா" என்றார்.

அவர் நேற்றும் வரவில்லை. கொடவுனில் சரக்கு இறங்குகிறது என்று ஒரு மெசேஜ் மட்டும்.

ஜூன் 18, புதன்

பத்தரைக்குப் பெயர் கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன். அவர் பெயரை இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள். மூன்றாம் தடவை. அவர் பக்கத்து வக்கீல் ஜட்ஜைப் பார்க்காமல் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜஹீதா மேடம் எழுந்து கொஞ்சம் அவகாசம் கேட்டார். கடைசியில் கூப்பிடுகிறோம் என்றார்கள்.

வராந்தாவில் உட்கார்ந்தேன். போன் செய்யவில்லை. பன்னிரண்டு தடவை செய்து பார்த்தவள்தானே. இனிமேல் செய்வதில்லை என்று இருந்தேன். மனதில் ஒன்றும் ஓடவில்லை. கை மட்டும் குளிர்ந்து போயிருந்தது, கயலுக்குக் காய்ச்சல் ஏறுவதற்கு முன்னால் அவள் கால் குளிர்வது மாதிரி. கயல் அங்கே போய்விட்டால் அவளுடைய மருந்து நேரம் யாருக்குத் தெரியும்? அவளுக்கு எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும் என்று? ஒரு பேப்பரில் எழுதிக் கொடுக்கலாம். என்னென்ன எழுத வேண்டும் என்று மனதுக்குள் வரிசைப்படுத்த ஆரம்பித்துவிட்டேன். ஏழாவது வரை வந்திருந்தேன்.

பஞ்சாட்சரம் ஒரு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். "துன்னும்மா. மயங்கி வுழுந்தா அதுக்கு வேற மெமோ போடணும்."

பன்னிரண்டு நாற்பதுக்கு வந்தார். மெட்ரோ வாசலிலிருந்து ஓடி வந்திருக்கிறார். கழுத்தில் துணி அளக்கிற நாடா, கழற்ற மறந்து. வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் நிற்கவில்லை, நேரே உள்ளே போனார்.

ஜட்ஜ் அவரைத்தான் முதலில் கேட்டார். ஏன் தாமதம்? "கடையிலேர்ந்து வர்றேன்மா." சேர்ந்து வாழ வாய்ப்பு இருக்கிறதா, யோசித்துச் சொல்லுங்கள்.

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். 

"இல்லம்மா," என்றார். "நான் சம்மதிச்சுத்தான் வந்தேன். பொண்ணு அவங்ககிட்ட இருக்கட்டும்."

என்னைக் கேட்டார்கள். நானும் சொன்னேன். 

ஐந்து நிமிடம்கூட இல்லை. மனுவில் கேட்டபடியே உத்தரவு. சான்றிட்ட நகல் பிறகு கிடைக்குமாம்.

வராந்தாவில் ஒரே தூணுக்கு இரண்டு பக்கமும் நின்றோம். நாடா, என்றேன். கழுத்தைத் தொட்டுப் பார்த்து உருவிச் சுருட்டினார். சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"அம்மா போகாதேன்னாங்க. அப்பா ஒண்ணும் சொல்லல. நானும் போக வேணாம்னுதான் காலைல கடைய தொறந்தேன். மூணு ஞாயித்துக்கெழம வராம இருந்து பாத்தேன், முடியுதான்னு." நாடாவைப் பாக்கெட்டில் வைத்தார். "நீ போன் பண்ணுவேன்னு பாத்துட்டே இருந்தேன். பண்ணல. அப்பத்தான்— அன்னைக்கு பதினொரு தடவ பண்ணியே. அன்னைக்கு வந்திருக்கணும்."

ஆமாம் என்றேன்.

 மெட்ரோவில் அவர் முன் பெட்டியில், நான் பெண்கள் பெட்டியில். தேனாம்பேட்டையில் அவர் இறங்கிப் போவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கூட்டத்தில் உயரமாக இருந்தார். அவர் இவ்வளவு உயரம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஜூன் 20

அம்மா இரண்டு நாளாக என்னிடம் ரொம்ப மெதுவாகப் பேசுகிறாள். எனக்கு உடம்பு சரியில்லாத மாதிரி. தட்டில் கூடுதலாக ஒரு அப்பளம்.

ஜூன் 29, ஞாயிறு

உத்தரவுப்படி முதல் முழு ஞாயிறு. காலை எட்டு மணிக்கு வந்து கயலை அழைத்துப் போனார். தெர்மாமீட்டர், மருந்து, மாற்றுத் துணி, எழுதிய பேப்பர் எல்லாம் ஒரு பையில் கொடுத்தேன். பேப்பரை அங்கேயே நின்று கடைசி வரி வரை படித்தார்.

மதியம் சாப்பிட்டுவிட்டுச் சும்மா தலையைச் சாய்த்தேன். விழித்தபோது விளக்கு போட்டிருந்தது. மணி ஏழேகால். போனைத் தேடினேன். அது ஹாலிலேயே கிடந்திருக்கிறது. ஓடி வந்து பார்த்தால் கயல் தரையில் படுத்து சுவரில் காலை உதைத்துக்கொண்டிருக்கிறாள். நெற்றியைத் தொட்டேன். ஒன்றுமில்லை.

அஞ்சரைக்கே கொண்டுவந்து விட்டுவிட்டார் என்றாள் அம்மா. அப்புறமும் போகவில்லையாம். கயலோடு ஹாலில் உட்கார்ந்திருந்தாராம், ஏழு மணி வரை.

ஞாயிறு சாயந்திரம். கடையில் காலடி வைக்க இடம் இருந்திருக்காது.

என்னை எழுப்பியிருக்கலாமே என்று அம்மாவைக் கேட்டேன்.

"நான் வந்தேன்டி. அவர்தான், தூங்கட்டும் அத்தை, எழுப்பாதீங்கன்னார்."